கரப்பானின் பளபளப்பு எதற்காக? பூச்சி ஓட்டின் மெழுகும் மசகும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: கரப்பான் பூச்சியையோ ஒரு கருவண்டையோ தொட்டால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்குகிறது. அது உண்மையிலேயே எண்ணெயா? இயந்திரத்துக்கு நாம் மசகு போடுவதுபோல் பூச்சியும் தன் ஓட்டுக்கும் மூட்டுகளுக்கும் மசகு போட்டுக்கொள்கிறதா? அப்படியானால் அந்த மசகை எடுத்து நாம் பயன்படுத்த முடியுமா?

"ஆம், இயற்கை மசகு" என்று ஒரே வரியில் முடித்துவிடும் பதில்களைப் பார்த்திருக்கிறேன். அது பாதி சரி. கையில் ஒட்டுகிற பசை உண்மைதான், ஆனால் அது மசகாக இருப்பதற்காக அங்கே வந்ததில்லை. பூச்சியின் அசல் மசகு வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது, அது எண்ணெய் வகையே கிடையாது. போதாததற்கு, "எதுவும் ஒட்டாத வழுவழுப்பு" என்று நாம் வியக்கும் பல பரப்புகள் நுண்ணோக்கியில் பார்த்தால் முள்ளும் மேடுமாகக் கரடுமுரடாக இருக்கும். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்கும்.

முதலில் ஓடு. ஓடு என்று நாம் சொல்வது ஒற்றைப் பொருள் அல்ல. அடியில் உயிருள்ள செல்கள் ஒரே ஒரு வரிசைதான். மேலே இருப்பதெல்லாம் அந்தச் செல்கள் சுரந்து அடுக்கி வைத்த சரக்கு. கைட்டின் இழைகளும் புரதமும் ஒட்டுப்பலகையில் மரத்தாள்களைத் திசைமாற்றி ஒட்டுவதுபோல் அடுக்கடுக்காக வந்து பலம் தருகின்றன. அவற்றில் வெளிப்பக்க அடுக்குகளில் குயினோன் வகைச் சேர்மங்கள் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடும். கிட்டத்தட்டத் தோல் பதனிடும் வேதியியல். இப்போதுதான் சட்டை உரித்த கரப்பான் வெள்ளை வெளேரென்று மெத்தென இருந்து, சில மணி நேரத்தில் பழுப்பேறிக் கடினமாவதைப் பார்த்திருப்பீர்கள். நடப்பது இதுதான். இத்தனைக்கும் மேலே, சில மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு மெல்லிய மேலுறை. அதில் கைட்டின் இல்லை. அதன் வெளிமுகத்தில்தான் மெழுகுப் படலம் படர்ந்திருக்கிறது. பல பூச்சிகளில் அந்த மெழுகுக்கும் மேலே வார்னிஷ் அடித்தாற்போல் இன்னொரு காப்புப் படலமும் உண்டு. ஆக, வண்டைத் தொடும்போது நம் விரல் படுவது இந்தக் கடைசிப் படலங்களில்தான். பள்ளிப் பாடத்தில் படித்த கைட்டினை நாம் தொடுவதே இல்லை.

இந்த மெழுகு எங்கிருந்து வருகிறது? வயிற்றுப் பகுதியில் ஈனோசைட் என்று சில பெரிய செல்கள் உண்டு. அவை நீளமான ஹைட்ரோகார்பன் சங்கிலிகளைத் தயாரிக்கின்றன. பூச்சியின் இரத்தத்தில் மிதக்கும் கொழுப்புப்புரதம் அவற்றைச் சுமந்துபோய்த் தோலுக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து ஓட்டை ஊடுருவும் மிக நுண்ணிய கால்வாய்கள் வழியாக வெளியே கசிகின்றன. தேய்ந்தால் மறுபடி சுரக்கும். ஒருமுறை பூசிக் காய்ந்துபோகும் பெயிண்ட் மாதிரி இல்லை.

இனி, எதற்காக என்ற கேள்வி. பூச்சியின் மிகப் பெரிய கவலை தண்ணீர். உடல் சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கும் நீரின் அளவோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு பெருகிக்கொண்டே போகும். ஒரு எறும்பு அளவு நீர்த்துளியை வெயிலில் வைத்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள். எறும்பு அதே வெயிலில் நாள் முழுக்கத் திரிகிறது. இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு, ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லாத அந்த மெழுகுப் படலத்தையே சேரும்.

1935இல் ராம்சே என்ற ஆய்வாளர் கரப்பானிலிருந்து நீர் ஆவியாகும் வேகத்தை அளந்தார். சுமார் 30 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாக ஏறிய வேகம், அதற்கு மேல் சட்டென்று எகிறியது. படலத்தில் ஏதோ ஒன்று அந்த வெப்பநிலையில் இளகி ஒழுங்கு குலைகிறது என்று பொருள். பிறகு 1945இல், பூச்சி உடலியங்கியலின் தந்தை என்று பலரும் சொல்லும் வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த் பல பூச்சிகளில் இதையே செய்து பார்த்தார். ரோட்னியஸ் என்ற இரத்தம் குடிக்கும் பூச்சியில் அந்தத் தாவல் 50 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் வந்தது. மெழுகு எவ்வளவு கெட்டியோ, அந்தத் தாவல் அவ்வளவு தள்ளிப்போகும்.

அவர் செய்த இன்னொரு சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நுண்ணிய அலுமினாப் பொடியைத் தூவிய தாளில் பூச்சிகளை நடக்கவிட்டார். நஞ்சு எதுவும் இல்லை, வெறும் பொடி. ஆனாலும் பூச்சிகள் வற்றிச் செத்தன. வயிறு தரையில் உரசாதபடி செய்தால் இழப்பு குறைந்தது. அதாவது நடக்கும்போது ஓட்டுக்கும் தரைக்கும் நடுவில் சிக்கிய துகள்கள் மெழுகைச் சுரண்டிவிட்டன. சுரண்டிய கோடுகள் வழியே நீர் போய்விட்டது. தானியப் பூச்சிகளுக்கு எதிராக டயாட்டம் மண்ணை, அதாவது நுண்பாசி ஓடுகளாலான பொடியை, தூவுவதும் ஏறக்குறைய இதே வழியில்தான் வேலை செய்கிறது; அந்தத் துகள்கள் மெழுகைச் சுரண்டுவதோடு உறிஞ்சவும் செய்கின்றன. ஈரமான சூழலில் அது பலிக்காமல் போவதன் காரணமும் இப்போது புரிந்திருக்கும். வெளிக்காற்றிலேயே ஈரம் இருந்தால் ஓட்டை விழுந்த குடத்துக்கும் நஷ்டம் குறைவு.

2012இல் பழ ஈக்களில் ஹைட்ரோகார்பன் தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் என்சைமை முடக்கிப் பார்த்தார்கள். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த ஈக்கள் ஏராளமாக உடனுக்குடன் இறந்தன. மெழுகு இல்லாத பூச்சிக்கு முதல் பிரச்சினை உராய்வு இல்லை, தாகம். அதனால்தான் இந்தப் பசையை "மசகு" என்று முதல் வார்த்தையிலேயே அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

சரி, அது எண்ணெயா மெழுகா? இரண்டும் என்பதுதான் பதில், அதில்தான் நுட்பமே இருக்கிறது. பூச்சி ஓட்டின் ஹைட்ரோகார்பன்கள் பெரும்பாலும் 20க்கு மேற்பட்ட கார்பன்கள் கொண்ட சங்கிலிகள். 40ஐ நெருங்குபவையும் உண்டு. கிளை இல்லாத நேர்ச்சங்கிலிகள் குச்சிகளைக் கட்டுக்கட்டியதுபோல் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், எனவே திடமாக இருக்கும். 27 கார்பன் நேர்ச்சங்கிலி உருக ஏறக்குறைய 59 டிகிரி வேண்டும். அதே 27 கார்பனில் இரண்டு இடத்தில் இரட்டைப் பிணைப்பு வந்து சங்கிலி வளைந்துவிட்டால் அடுக்க முடியாது. அறை வெப்பத்திலேயே நீர்மமாக நிற்கும். வீடுகளில் திரியும் அமெரிக்கக் கரப்பானின் பசையில் பெரும்பகுதி இந்த வளைந்த வகை ஒன்றுதான். மீதி முக்கியமாக 25 கார்பன் சங்கிலி கொண்ட இரண்டு சேர்மங்கள்: ஒன்று நேர்ச்சங்கிலி, இன்னொன்றில் மூன்றாம் கார்பனில் ஒரு சிறு கிளை. கரப்பான் ஓடிய கண்ணாடியில் மங்கலாக ஒரு தீற்றல் தெரியுமே, அது இந்தக் கலவைதான். ராம்சேயின் 30 டிகிரி தாவலுக்கும் இதுவே காரணம். கரப்பானுடையது மெழுகு என்பதைவிட கிரீஸ் என்பதே பொருத்தம். பாலைவன வண்டுகளிலோ திடமான பங்கு மிகுந்து உண்மையான மெழுகுக்கு நெருக்கமாகிவிடும்.

அப்படியானால் எல்லாப் பூச்சியும் ஏன் கெட்டி மெழுகையே வைத்துக்கொள்ளக் கூடாது? நீரைக் காக்க அதுதானே நல்லது? காரணம், அந்தப் படலத்துக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. எறும்புகள் ஒன்றையொன்று உணர்கொம்பால் தடவிப் பார்ப்பது இந்த ஹைட்ரோகார்பன் கலவையைப் படிக்கத்தான். கூட்டுக்காரனா, அயலானா என்று முடிவு செய்வது அதை வைத்துத்தான். ஈக்கள் தம் இனத்தையும் இணையையும் அறிவதும் இப்படித்தான். முழுக்க உறைந்த படலத்திலிருந்து மூலக்கூறுகள் எளிதில் உணர்கொம்புக்கு இடம் மாறாது. கீறல் விழுந்தால் தானாகப் பரவி மூடவும் செய்யாது. நீர்மம் கலந்திருந்தால் இரண்டும் நடக்கும், ஆனால் நீர்க்காப்பு சற்றுக் குறையும். பெரும்பாலான பூச்சிகளில் படலம் பாதி உறைந்தும் பாதி உருகியும் கிடக்கிறது என்பதே இப்போது பல ஆய்வாளர்களின் கருத்து. குளிரில் கட்டிதட்டிய தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் உருகிய எண்ணெயும் தேங்கி நிற்குமே, கற்பனைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

இனி மசகு. இந்தப் பாதி உருகிய படலம் வழுக்கலைத் தருமா? தரும். இரண்டு திடப் பரப்புகள் உரசும்போது நடுவில் நீளச்சங்கிலி மூலக்கூறுகளின் மெல்லிய படலம் இருந்தாலே போதும், மேடுகள் ஒன்றையொன்று கவ்வுவது குறையும். இயந்திரவியலில் இதை எல்லைப்படல மசகு என்பார்கள். நாம் இழுப்பறையின் மரச்சட்டத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பதும் இந்த வகைதான். கரப்பானுக்கு இது எங்கே பயன்படும் என்று பார்த்தால், இடுக்குகளில். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கௌசிக் ஜெயராம், ராபர்ட் ஃபுல் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 12 மில்லிமீட்டர் உயரமுள்ள கரப்பான் அதில் நாலில் ஒரு பங்கு உயரமே உள்ள இடுக்கில் ஒரு வினாடிக்குள் நுழைந்து வெளியேறியது. தன் எடையைப்போல் ஏறத்தாழ 900 மடங்கு அழுத்தத்தையும் அடிபடாமல் தாங்கியது. அந்த இடுக்கில் அதனால் கால்களை ஊன்றி நடக்க முடியாது. கால்களைப் பக்கவாட்டில் பரப்பி உந்த, முதுகு மேலேயும் வயிறு கீழேயும் உரசிக்கொண்டே போகும். அப்போது உடலின் உராய்வுதான் முக்கிய எதிரி. அந்த நேரத்தில் கிரீஸ் பூசிய முதுகு இருப்பது அதற்கு வசதிதான் என்று நம்புகிறேன். ஆனாலும் வழுக்கலுக்காகவே அந்தப் பசை உருவானது என்று சொல்லத் துணிய மாட்டேன். நீர்க்காப்புக்கு வாங்கிய சரக்கு, வழுக்கலுக்கும் உதவுகிறது.

பசை அதிகமானால் தொல்லையும் உண்டு. கரப்பான் ஓயாமல் உணர்கொம்பை வாயில் இழுத்துச் சுத்தம் செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நாள் முழுக்க அப்படிச் சுத்தம் செய்யவிடாமல் தடுத்தார்கள். உணர்கொம்பில் பசை மூன்று நான்கு மடங்கு சேர்ந்து, வாசனை நுழையும் நுண்துளைகளை அடைத்தது. மோப்ப சக்தி மங்கியது. சுரப்பு நிற்காமல் கசிந்துகொண்டே இருப்பதால் துடைப்பதும் நிற்காமல் நடந்தாக வேண்டும்.

இப்போது மூட்டுகளுக்கு வருவோம். கேள்வியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

நம் முழங்காலில் மூட்டு ஒரு பைக்குள் மூடப்பட்டு, உள்ளே மூட்டு நீர் தேங்கியிருக்கும். பூச்சியின் மூட்டு அப்படி இல்லை. ஓடும் ஓடும் சந்திக்கும் குமிழும் குழியும் வெளிக்காற்றுக்குத் திறந்தே கிடக்கும். அங்கே தண்ணீர்போல் ஒரு நீர்மத்தை விட்டால் காய்ந்துவிடும், இல்லாவிட்டால் ஒழுகிப்போகும், தூசியையும் இழுத்து வைத்துக்கொள்ளும். இருந்தாலும் வண்டு தன் வாழ்நாளில் அந்தக் காலை எண்ணற்ற முறை மடக்கி நீட்டுகிறது. முதிர்ந்த பூச்சி இனிச் சட்டை உரிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்த மூட்டுக்குப் பதில் புது மூட்டு வராது.

ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்தாந்தின் நாதேயின், ஸ்தானிஸ்லாவ் கோர்ப் ஆகியோரின் குழு 2021இல் இதற்கு விடை வெளியிட்டது. சோஃபோபாஸ் என்ற கருவண்டின் தொடைக்கும் கணைக்காலுக்கும் இடையிலான மூட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உரசும் பரப்பில் நுண்துளைகள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் பற்பசையைப் பிதுக்கினாற்போல் ஒரு சிறு உருளை வெளியே வந்துகொண்டிருந்தது. சோதித்தால் அது பெரும்பாலும் புரதம். எண்ணெய் போல் ஓடாது, கல் போல் நிற்கவும் செய்யாது. அழுத்தினால் நசுங்கிப் படலமாகப் பரவும் பாதித்திடப் பொருள். அதைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து அளந்ததில், வெறும் கண்ணாடியில் ஏறக்குறைய 0.35 ஆக இருந்த உராய்வுக் குணகம் சுமார் 0.13க்கு இறங்கியது. ஒட்டாத தவாவில் பூசும் டெஃப்லானை அதே விதத்தில் அளந்தபோது கிடைத்த எண்ணும் கிட்டத்தட்ட அதுவே.

என் பார்வையில் இந்த ஆய்வின் சிறப்பு அந்த எண்ணைவிட அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. மசகு எங்கே உரசுகிறதோ அங்கேயே, அந்தப் பரப்பிலிருந்தே, அளவாகப் பிதுங்குகிறது. எண்ணெய்க்குழாய் இல்லை, அடைப்பான் இல்லை. திறந்த மூட்டில் ஒழுகாத, காயாத ஒரு பொருள். தொடும்போது கையில் பட்ட மெழுகுக்கும் இதற்கும் உறவே இல்லை.

மசகோடு சேர்ந்து மூட்டின் வடிவமும் உழைக்கிறது. டிரைகோனோப்டெரஸ் என்ற கூன்வண்டின் இடுப்பு மூட்டில் திருகாணியும் மரையும்போல் புரிகள் இருப்பதை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். இசஸ் என்ற தத்துப்பூச்சியின் குஞ்சுகளுக்குப் பின்னங்கால்களின் தொடக்கத்தில் பல்சக்கரமே உண்டு. இரண்டு கால்களும் ஒரே நொடியில் உதைக்க அந்தப் பற்கள் ஒன்றையொன்று கவ்விச் சுழலும். இது வெளியானது 2013இல். முதிர்ச்சிக்கான கடைசிச் சட்டை உரித்தலில் அந்தச் சக்கரம் மறைந்துவிடும். பல் ஒன்று உடைந்தால் குஞ்சுக்கு அடுத்த உரிப்பில் புதிது கிடைக்கும், முதிர்ந்த பூச்சிக்குக் கிடைக்காது என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கண்டுபிடித்தவர்களே ஊகித்தார்கள். இன்னும் பல இடங்களில் பூச்சி உரசலையே தவிர்த்துவிடுகிறது: இரண்டு பரப்புகளைச் சறுக்கவிடுவதற்குப் பதில், ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதத்தால் ஒரு கீல் வைத்து வளைத்துக்கொள்கிறது. 1960இல் வைஸ்ஃபோக் கண்டறிந்த இந்தப் புரதம் வெட்டுக்கிளியின் சிறகுக் கீலில் இருக்கிறது. இழுத்து விட்டால் கொடுத்த ஆற்றலில் 97 விழுக்காடு வரை திருப்பிக் கொடுக்கும். சறுக்கல் இல்லாத இடத்தில் மசகுக்கு வேலை ஏது?

"தேய்வதே இல்லையா?" என்றால், தேய்கிறது. இலைவெட்டி எறும்புகளின் தாடை விளிம்பில் துத்தநாகம் கலந்து கடினமாக்கப்பட்டிருக்கும். அப்படியும் வயதான எறும்புகளின் தாடை மழுங்கிப்போய், இலையை வெட்ட இளையவற்றைப்போல் இரு மடங்கு நேரம் பிடிக்கிறது. மழுங்கியவை வெட்டுவதை விட்டுச் சுமக்கும் வேலைக்கு மாறிவிடுவதும் உண்டு. வெட்டும் விளிம்புக்கு மசகு உதவாது. அங்கே கடினம்தான் வேண்டும்.

ஒரு முரணைச் சொல்லாமல் போக மனமில்லை. உடம்பெல்லாம் எண்ணெய்ப்பசை உள்ள பூச்சி கண்ணாடிச் சுவரில் எப்படி ஏறுகிறது? பாதத்தில் உள்ள மெத்தென்ற திண்டுகளிலும் ஒரு நீர்மம் சுரக்கிறது. அதிலும் எண்ணெய் இருக்கிறது, ஓட்டுப் பசைக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் அந்த எண்ணெயில் நீர்த்துளிகள் விரவியிருக்கும். இந்தக் கலவை சும்மா இருக்கும்போது கெட்டியாக நின்று, ஒரு வரம்பைத் தாண்டி இழுத்தால்தான் நகரும். படலமும் மிக மிக மெல்லியது. அதனால் வழுக்கவேண்டிய எண்ணெயே சறுக்கலைத் தடுக்கிறது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு, வழுவழுப்பான பரப்பில் தலைகீழாகத் தொங்கியபடி தன் எடையைப்போல் நூறு மடங்குக்கு மேல் தாங்கும்.

இந்தப் பாதங்களைத் தோற்கடிக்க வேண்டுமானால் அந்த மெல்லிய எண்ணெய்த் தொடர்பை முறிக்க வேண்டும். பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் குடுவைத் தாவரம் அதைச் செய்கிறது. அதன் வாய் விளிம்பு தண்ணீரை ஈர்த்துப் பரப்பிக்கொள்ளும் வகையில் நுண்வரிகள் கொண்டது. உலர்ந்திருக்கும்போது எறும்புகள் அதில் சாதாரணமாக நடக்கின்றன. மழையாலோ தேனாலோ நனைந்ததும், மழைச்சாலையில் டயர் மிதப்பதுபோல் பாதம் நீர்ப்படலத்தின்மேல் மிதந்து, எறும்பு உள்ளே விழுகிறது. 2004இல் போன், ஃபெடர்லெ என்ற இரு ஆய்வாளர்கள் இதை நிரூபித்தார்கள். இதே யோசனையை எடுத்துக்கொண்டுதான் 2011இல் ஹார்வர்டில் ஐசன்பெர்க் குழு, நீர்மத்தை உள்ளே பிடித்து வைத்த வழுக்குப் பரப்புகளை உருவாக்கியது. ஆய்வகத்தில் எறும்பு வளர்ப்பவர்கள் பெட்டியின் மேல் விளிம்பில் டெஃப்லான் துகள் கலந்த நீர்மத்தைப் பூசுவார்கள். பூசிய கொஞ்ச நாள் எந்த எறும்பும் தாண்டாது, பிறகு தூசி படிந்ததும் ஒன்றிரண்டு தாண்டும், அப்புறம் கூட்டமே வெளியே நிற்கும். அனுபவம் பேசுகிறது.

கடைசியாக, ஒட்டாமை. ஒரு வழுவழுப்பான மெழுகுப் பரப்பில் நீர்த்துளி வைத்தால் துளிக்கும் பரப்புக்கும் இடையிலான தொடுகோணம் 105, 110 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். இந்தக் கோணம் கூடக்கூடத் துளி ஒட்டாமல் உருண்டையாக நிற்கும். எவ்வளவு நல்ல மெழுகானாலும் பரப்பு சமதளமாக இருந்தால் 120ஐத் தாண்டுவது நடக்காத காரியம். ஆனால் குளத்து நீர்மேல் நடக்கும் பூச்சியின் காலில் 167 டிகிரி என்று 2004இல் அளந்தார்கள். மீதியை எங்கிருந்து பெற்றது? வடிவத்திலிருந்து. கால் முழுக்க நுண்மயிர், ஒவ்வொரு மயிரிலும் இன்னும் நுண்ணிய வரிப்பள்ளங்கள். பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ள, நீர் மெழுகைவிட அதிகமாகக் காற்றின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு கால் அந்தப் பூச்சியின் எடையில் 15 மடங்கைத் தாங்கும். தாமரை இலையில் நீர் உருள்வதும் இதே கணக்குதான்.

சில்வண்டின் சிறகில் சுமார் 200 நானோமீட்டர் உயரத்தில் தூண்கள் நெருங்கி நிற்கின்றன. நீர் உருண்டோடும், தூசியையும் கூட்டிக்கொண்டு போகும். 2012இல் ஆஸ்திரேலியாவில் இவானோவா குழு அதில் ஒரு பாக்டீரியாவை விட்டுப் பார்த்தபோது, அது சில நிமிடங்களில் தூண்களுக்கு இடையே இழுபட்டுக் கிழிந்து செத்தது. வேதிப்பொருள் எதுவும் கொல்லவில்லை, வடிவமே கொன்றது. அந்துப்பூச்சியின் கண்ணிலும் இதே அளவில் குமிழ்கள் உண்டு. அங்கே அவற்றின் வேலை ஒளி தெறிக்காமல் உள்ளே போகவிடுவது. சாண வண்டின் தலையில் சாணமும் ஈரமண்ணும் ஒட்டாமல் இருப்பதற்கு அதன் நுண்மேடுகளும் ஒரு காரணம் என்று கண்டு, சீனாவில் ஜிலின் பல்கலைக்கழகத்தினர் மண் ஒட்டாத கலப்பைகளையும் மண்தள்ளும் தகடுகளையும் வடிவமைத்தார்கள். உரசலைக் குறைக்க மேடு வைப்பது முதலில் கேட்டால் தலைகீழாகத் தோன்றும். ஆனால் ஈரமண் ஒட்டுவது தொடர்ச்சியான நீர்ப்படலத்தால். மேடுகள் அந்தத் தொடர்ச்சியை உடைத்துவிடுகின்றன.

இலைத்தத்துப்பூச்சிகள் செய்வது இன்னும் வினோதம். அவற்றின் கழிவுக் குழாய்களில், ஒரு மைக்ரோமீட்டரிலும் சிறிய, கால்பந்து போன்ற வலைக்கூண்டு உருண்டைகள் தயாராகின்றன. பூச்சி அவற்றை வெளியேற்றி, பவுடர் போட்டுக்கொள்வதுபோல் கால்களால் உடம்பெங்கும் பூசிக்கொள்கிறது. தன்னுடைய இனிப்பான கழிவிலேயே தான் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவுகிறது.

நமீபியப் பாலைவன வண்டின் கதையையும் இங்கே எதிர்பார்ப்பீர்கள். முதுகின் மேடுகள் பனிநீரைப் பிடிக்க, மெழுகு பூசிய பள்ளங்கள் அதை வாய்க்கு உருட்டிவிடுகின்றன என்று 2001இல் வெளியான கட்டுரை பெரும்புகழ் பெற்றது. பனிமூட்டத்தில் தலைகீழாக நின்று நீர் குடிக்கும் வண்டு அங்கே இருப்பது உண்மை. ஆனால் 2010இல் வந்த ஓர் ஆய்வு, மேடில்லாத முதுகுள்ள வண்டும் அதே அளவு நன்றாகவே நீர் சேர்க்கிறது, முக்கியம் அது நிற்கும் விதம்தான் என்று காட்டியது. பாடப்புத்தகங்கள் முதல் கதையோடு நின்றுவிட்டன.

இப்போது கடைசிக் கேள்வி: எடுத்துப் பயன்படுத்தலாமா? ஓட்டுப் பசையைப் பொறுத்தவரை எனக்கு ஆர்வமில்லை. அது பாரஃபின் குடும்பத்துச் சரக்கு, பெட்ரோலியத்திலிருந்து அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. ஒரு கரப்பானிலிருந்து எடுத்தால் ஒரு சொட்டுகூடத் தேறாது. மூட்டுப் புரதம் வேறு கதை. எண்ணெய் ஊற்ற முடியாத மிகச் சிறிய கருவிகள், திறந்த மூட்டுள்ள குட்டி ரோபோக்கள், உடலுக்குள் வைக்கும் செயற்கை மூட்டுகள் ஆகியவற்றுக்கு ஒழுகாத பாதித்திட மசகு ஒன்று கிடைத்தால் பெரிய விஷயம். அதற்கு முதலில் அந்தப் புரதம் எது, அதன் அமினோ அமில வரிசை என்ன என்பது தெரிந்து, வண்டில்லாமல் நுண்ணுயிரில் தயாரிக்கத் தெரிய வேண்டும். ரெசிலினில் அந்தப் படியை ஏற்கெனவே தாண்டிவிட்டார்கள். 2005இல் பழ ஈயின் ரெசிலின் மரபணுவை ஒரு பாக்டீரியாவில் வைத்து ரப்பர் செய்து காட்டினார்கள். வண்டின் மூட்டிலிருந்து பிதுங்கும் அந்த உருளைக்கும் அதே வழிதான்.